குளோனிங் செய்திகளைப் புரிந்துகொள்ள: இயன் வில்மட் உண்மையில் எதைத் தேடினார்?

ஒரு குளோனிங் செய்தி வந்தால் போதும், அதே நாலைந்து குழப்பங்கள் திரும்பவும் கிளம்பிவிடுகின்றன. 2023 மார்ச்சில் ஹரியானாவின் கர்னாலில் உள்ள தேசியப் பால்வள ஆராய்ச்சி நிலையத்தில் கங்கா என்ற கிர் இனக் கிடேரிக் கன்று பிறந்தபோதும் இதுதான் நடந்தது. 2025 ஏப்ரலில் ஒரு அமெரிக்க நிறுவனம் டயர் ஓநாய் (dire wolf) என்ற, எப்போதோ அழிந்துபோன ஓநாய் இனத்தை மீட்டுவிட்டதாக அறிவித்தபோதும் இதுதான். இது சோதனைக் குழாய்க் குழந்தை மாதிரியா? அச்சு அசலாக அதே விலங்கா? சீக்கிரம் செத்துப்போகுமா? அடுத்தது மனிதன்தானா?

இந்தக் கேள்விகளுக்குத் தனித்தனியாகப் பதில் தேடுவதைவிட, இந்தத் துறையை உருவாக்கியவர்களில் ஒருவரின் ஆய்வு வாழ்க்கையை முதலிலிருந்து பார்த்தால் பெரும்பாலானவை தாமாகவே தெளிந்துவிடும். அவர் இயன் வில்மட். வளர்ந்த விலங்கின் செல்லிலிருந்து குளோன் செய்யப்பட்ட முதல் பாலூட்டியான டாலி என்ற செம்மறி ஆட்டின் பெயரோடு ஒட்டிப்போன பெயர். ஆனால் அவர் தேடியது நகல் எடுக்கும் வழியை அல்ல. கால்நடை இனப்பெருக்கத்தில் ஒரு நடைமுறைச் சிக்கல் இருந்தது, அதைத் தீர்க்கப் போன இடத்தில் டாலி பிறந்தது. இதை விட்டுவிட்டுப் பார்ப்பதால்தான் குளோனிங் எதற்குப் பயன்பட்டது, எதற்குப் பயன்படவில்லை என்பது நமக்குப் புரியாமல் போகிறது.

முதலில் நான்கு விஷயங்களைப் பிரித்துக்கொள்வோம்

1. சினை ஊசி, அதாவது செயற்கைக் கருவூட்டல். காளையின் விந்தை எடுத்துப் பசுவின் கருப்பையில் செலுத்துவது. கன்றுக்குத் தாயும் உண்டு, தந்தையும் உண்டு.

2. கருமாற்றம். ஒரு பசுவின் உடலிலோ ஆய்வகத்திலோ உருவான கருவை எடுத்து வேறொரு பசுவின் கருப்பையில் வளர வைப்பது. சோதனைக் குழாய் முறையும் இந்த வகைதான். இங்கேயும் விந்தணுவும் முட்டையும் சேர்ந்துதான் கரு.

3. குளோனிங். விந்தணுவே கிடையாது. முட்டையிலிருந்து அதன் மரபுப் பொருளை எடுத்துவிட்டு, வேறொரு விலங்கின் உடல் செல்லிலிருந்து உட்கருவை உள்ளே வைப்பது. இதன் துல்லியமான பெயர் உடல்செல் உட்கரு மாற்றம்.

4. மரபணு மாற்றமும் மரபணுத் திருத்தமும். டிஎன்ஏவில் ஒரு மரபணுவைச் சேர்ப்பது, நீக்குவது, மாற்றுவது. இது குளோனிங் அல்ல. ஆனால் குளோனிங் வழியாகவும் இதைச் செய்யலாம், குழப்பம் பெரும்பாலும் இங்கேதான் வருகிறது.

டயர் ஓநாய் செய்தியை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே செய்தது, இப்போதிருக்கும் சாம்பல் ஓநாயின் செல்லில் 20 இடங்களில் திருத்தம் செய்து, அந்த உட்கருவை நாயின் முட்டையில் வைத்து, வாடகைத்தாய் நாய்களிடம் பிறக்க வைத்தது. அதாவது நான்காவதும் மூன்றாவதும் சேர்ந்த வேலை. பிறந்தவை திருத்தப்பட்ட சாம்பல் ஓநாய்கள் என்று சொல்வதுதான் சரி.

உறைய வைப்பதில் தொடங்கிய வேலை

வில்மட் 1944-ல் இங்கிலாந்தில் பிறந்தவர். நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் விவசாயம் படித்தார். 1966-ல் ஒரு கோடை விடுமுறையில் கேம்பிரிட்ஜில் கிறிஸ் போல்ஜ் என்பவரின் ஆய்வகத்தில் சில வாரங்கள் வேலை பார்த்ததுதான் அவருடைய திசையைத் தீர்மானித்தது.

போல்ஜ் யார் என்பது நமக்கும் தெரிந்திருக்க வேண்டும். இன்று தமிழ்நாட்டில் எந்தக் கால்நடை மருந்தகத்துக்குப் பசுவை ஓட்டிக்கொண்டு போனாலும் மருத்துவர் திரவ நைட்ரஜன் உருளைக்குள்ளிருந்து ஓர் உறைவிந்துக் குச்சியை எடுக்கிறார், மைனஸ் 196 டிகிரியில் வைத்திருந்தது. அதன் வேர் 1949-ல் லண்டனில் போல்ஜும் அவருடன் இருந்தவர்களும் செய்த கண்டுபிடிப்பில் இருக்கிறது. செல்லைச் சும்மா உறைய வைத்தால் உள்ளே இருக்கும் நீர் பனிப் படிகமாகிச் செல்லைக் கிழிக்கும், வெளியே மிஞ்சும் நீரில் உப்பு அடர்ந்து மேலும் கெடுக்கும். சேவல் விந்தை வைத்துச் சர்க்கரைக் கரைசல்களோடு போராடிக்கொண்டிருந்தார்கள். ஒருமுறை திடீரென்று விந்தணுக்கள் பிழைத்தன. பார்த்தால் சர்க்கரைக் கரைசல் என்று நினைத்து எடுத்த புட்டியில் இருந்தது கிளிசரால். பெயர்ச்சீட்டு மாறியிருந்தது! அந்தக் கிளிசரால்தான் பனிப் படிகத்தின் சேதத்தைக் குறைத்தது.

வில்மட் 1971-ல் முனைவர் பட்டம் வாங்கியது பன்றி விந்தை உறைய வைப்பது பற்றிய ஆய்வுக்காக. பன்றியின் விந்தணு குளிரைத் தாங்காது, காளையின் விந்துக்குச் சரிப்பட்ட முறை அதற்குச் சரிப்படவில்லை. அதற்கு அடுத்த படிக்கும் அவர் சீக்கிரமே போனார். விந்தணு தனிச் செல், கரு பல செல்களின் கூட்டம், எல்லாச் செல்களும் ஒன்றாகப் பிழைத்தாக வேண்டும். 1973-ல் வில்மட்டும் ரௌசன் என்ற சக ஆய்வாளரும் உறைய வைத்து எடுத்த மாட்டுக் கருவிலிருந்து ஒரு கன்றைப் பிறக்க வைத்தார்கள். உலகில் அப்படிப் பிறந்த முதல் கன்று அது. ஃப்ராஸ்டி என்று பெயர் வைத்தார்கள்.

இதன் முக்கியத்துவம் மாடு வளர்ப்பவர்களுக்கு உடனே புரியும். நல்ல பொலிகாளையின் விந்தை ஆயிரக்கணக்கான பசுக்களுக்குக் கொடுக்கலாம், ஆனால் நல்ல கறவை மாடு வருடத்துக்கு ஒரு கன்றுதான் ஈனும். கருவை எடுத்து உறைய வைத்து வேறு ஊருக்கு அனுப்ப முடிந்தால் பசுவின் வழியையும் பெருக்கலாம். இன்று உலகம் முழுக்க நடக்கிற கருமாற்று வேலைகளுக்கு இது அடித்தளம். டாலி பிறக்காமலே போயிருந்தாலும் வில்மட்டின் பெயர் கால்நடைப் பாடநூல்களில் இருந்திருக்கும், என் மதிப்பில் இந்தப் பகுதிக்குத்தான் தகுந்த கவனம் கிடைக்கவே இல்லை.

பாலில் மருந்து: அசல் கேள்வி இதுதான்

அதே 1973-ல் அவர் எடின்பரோவில் இருந்த விலங்கு இனவிருத்தி ஆராய்ச்சி நிறுவனத்துக்குப் போனார், அதுதான் பிறகு ரோஸ்லின் நிலையமாக ஆனது. அங்கே முதலில் ஆடு, பன்றிகளில் கருக்கள் ஏன் ஆரம்பத்திலேயே இறந்துபோகின்றன என்று ஆராய்ந்தார். 1980-களில் கவனம் மரபணு மாற்றத்தின் பக்கம் திரும்பியது.

யோசனை எளிது. மனிதனுக்குத் தேவையான ஒரு புரதத்தின் மரபணுவை ஆட்டுக்குள் வைத்து, அது மடியில் மட்டும் வேலை செய்யுமாறு அமைத்துவிட்டால் பாலோடு மருந்தும் சுரக்கும். ரோஸ்லினோடு சேர்ந்து இயங்கிய பிபிஎல் தெரப்யூடிக்ஸ் நிறுவனம் இதற்காகவே உருவானது. 1990-ல் ட்ரேஸி என்ற செம்மறி பிறந்தது, அதன் பாலில் ஆல்ஃபா-1 ஆன்டிட்ரிப்சின் என்ற மனிதப் புரதம் லிட்டருக்கு 30 கிராமுக்கு மேல் இருந்தது. நுரையீரலைக் காக்கும் புரதம் அது, சிலருக்குப் பிறவியிலேயே குறைவாக இருக்கும்.

சரி, வெற்றிதானே, பிறகு எதற்குக் குளோனிங்? சிக்கல் வேலை நடந்த விதத்தில் இருந்தது.

1. அன்றைக்கு இருந்த வழி, ஒற்றைச் செல் நிலையில் இருக்கும் கருவுக்குள் நுண் ஊசியால் டிஎன்ஏவைச் செலுத்துவது. கால்நடைகளில் இப்படி ஊசி போட்ட நூறு கருக்களில் ஏறத்தாழ ஒன்றுதான் மரபணு மாறிய விலங்காக வந்து சேரும்.

2. செலுத்திய மரபணு எந்த இடத்தில் போய் உட்காரும் என்று சொல்ல முடியாது. தவறான இடத்தில் உட்கார்ந்தால் வேலையே செய்யாது.

3. சேர்க்கத்தான் முடியும். இருக்கும் மரபணு ஒன்றை நீக்கவோ திருத்தவோ முடியாது.

4. முடிவு தெரிய ஆடு பிறந்து, வளர்ந்து, குட்டி போட்டுப் பால் கறக்கும் வரை காத்திருக்க வேண்டும்.

எலியில் இந்தச் சிக்கல் இல்லை. 1981-லேயே எலிக் கருவிலிருந்து ஸ்டெம் செல்களை, அதாவது உடலின் எந்த வகைச் செல்லாகவும் மாறக்கூடிய ஆரம்பச் செல்களை, பிரித்து வளர்க்கக் கற்றுக்கொண்டுவிட்டார்கள். தட்டில் வளரும் லட்சக்கணக்கான செல்களில் மரபணுவை மாற்றி, சரியாக மாறியதைத் தேர்ந்தெடுத்து, அதிலிருந்து எலியை உருவாக்கலாம். ஆட்டிலும் மாட்டிலும் அப்படிப்பட்ட ஸ்டெம் செல்லை எவராலும் பிடிக்க முடியவில்லை. அப்படியானால் தட்டில் வளரும் வேறு ஏதாவது செல்லிலிருந்து முழு ஆட்டை உருவாக்க முடியுமா? வில்மட்டைக் குளோனிங்குக்கு இழுத்து வந்த கேள்வி இதுதான். செல்லில் மாற்றம் செய்து, சோதித்து, பிறகு விலங்காக்கும் பாலமாகத்தான் உட்கரு மாற்றம் அவருக்குத் தேவைப்பட்டது.

அவித்த நெல் முளைக்குமா

முழு உடலும் ஒற்றைச் செல்லில் தொடங்குகிறது. அது பிரிந்து பிரிந்து தோலாக, நரம்பாக, மடியாக ஆகிறது. ஒரு செல் மடிச் செல்லாகிவிட்ட பிறகு மறுபடி ஆரம்ப நிலைக்குப் போக முடியுமா? அவித்த நெல் முளைக்காது என்பதைப் போலத்தான் உயிரியலாளர்களில் பெரும்பாலோர் இதை நினைத்தார்கள்.

முற்றிலும் ஆதாரமில்லாத நம்பிக்கையும் அல்ல அது. 1952-ல் பிரிக்ஸும் கிங்கும் தவளையின் ஆரம்பக் கருச் செல் உட்கருவை முட்டையில் வைத்துத் தலைப்பிரட்டைகளை உருவாக்கினார்கள், ஆனால் செல்லின் வயது கூடக் கூட வெற்றி குறைந்தது. 1962-ல் ஜான் கர்டன் தலைப்பிரட்டையின் குடல் செல்லிலிருந்து தவளை உருவாக்கிக் காட்டியபோதும், வளர்ந்த விலங்கின் செல்லில் இது நடக்குமா என்ற சந்தேகம் தீரவில்லை. பாலூட்டியில் நிலைமை இன்னும் மோசம். 1984-ல் மெக்ராத், சோல்ட்டர் என்ற இருவர் எலிகளில் முயன்று பார்த்துவிட்டு, வெறும் உட்கரு மாற்றத்தால் பாலூட்டியைக் குளோன் செய்வது உயிரியல்படி முடியாத காரியம் என்றே எழுதினார்கள்.

ஆனால் கால்நடை ஆய்வாளர்கள் எலிகளோடு நின்றுவிடவில்லை. ஸ்டீன் வில்லாட்சன் என்ற டேனிஷ் கால்நடை மருத்துவர், ஆட்டின் 8 அல்லது 16 செல் கருவிலிருந்து உட்கரு மாற்றி ஆட்டுக்குட்டிகளைப் பிறக்க வைத்து 1986-ல் வெளியிட்டார். அவர் இதைவிட முதிர்ந்த கருச் செல்களிலும் வெற்றி கண்டிருக்கிறார் என்ற பேச்சு 1987-ல் டப்ளினில் ஒரு மாநாட்டுக்குப் போயிருந்த வில்மட்டின் காதில் விழுந்தது. ஊர் திரும்பும்போதே அவர் திட்டத்தைத் தொடங்கிவிட்டார் என்று சொல்லலாம்.

கேம்பல் கொண்டுவந்த திருப்பம்

1991-ல் கீத் கேம்பல் ரோஸ்லினில் சேர்ந்தார். அவர் செல் உயிரியலாளர், செல் பிரியும் சுழற்சியை ஆராய்ந்தவர். உட்கரு மாற்றம் தோற்பதற்குக் காரணம் செல்லின் வயது மட்டும் இல்லை, நேரம் ஒத்துப்போகாததும்தான் என்று அவர் கருதினார்.

விளக்கம் இதுதான். பிரியப் போகும் செல் முதலில் தன் டிஎன்ஏவை இரட்டிப்பாக்கும், பிறகுதான் இரண்டாகப் பிரியும். முதிர்ந்த முட்டையோ பிரியும் வேகத்தைத் தூண்டும் ஒரு புரதக் கூட்டு நிறைந்து காத்துக்கொண்டிருக்கிறது. அதற்குள் பாதி டிஎன்ஏவை இரட்டிப்பாக்கிய நிலையில் ஓர் உட்கருவை வைத்தால், உட்கருவின் உறை கரைந்து, இரட்டிப்பான பகுதி மறுபடி இரட்டிப்பாகி, டிஎன்ஏவைச் சுமக்கும் குரோமோசோம்கள் சிதைந்துவிடும். ஆகவே இரட்டிப்பு தொடங்குவதற்கு முந்தைய நிலையில் உள்ள செல் வேண்டும்.

அதற்கு அவர்கள் செய்தது மிக எளிய காரியம்: செல்களைப் பட்டினி போட்டார்கள். வளர்ப்புக் கரைசலில் 10 சதவீதம் இருந்த, செல்கள் வளர உதவும் சீரம் என்ற ரத்த நீரை 0.5 சதவீதமாகக் குறைத்து ஐந்து நாள் வைத்தார்கள். செல்கள் பிரிவதை நிறுத்திவிட்டு அமைதி நிலைக்குப் போயின. இப்படித்தான் 1995-ல் மேகன், மோராக் என்ற இரண்டு ஆடுகள் பிறந்தன. தட்டில் பல தலைமுறை வளர்ந்து, ஸ்டெம் செல் தன்மையை இழந்துவிட்ட கருச் செல்களிலிருந்து வந்தவை அவை. இந்தத் துறையில் உள்ள பலர் உண்மையான திருப்பமாக டாலியைவிட இந்த இரண்டையும்தான் சொல்வார்கள், நானும் அந்தப் பக்கம்தான். அடுத்த படியாக வளர்ந்த விலங்கின் செல்லை முயல்வதற்கான துணிவு இங்கிருந்துதான் வந்தது.

277 என்ற எண் சொல்வது என்ன

டாலி 1996 ஜூலை 5 அன்று பிறந்தது. செய்தி வெளியானது 1997 பிப்ரவரியில். நடந்த வரிசை:

1. வெள்ளை முகம் கொண்ட ஃபின் டார்செட் இனத்தைச் சேர்ந்த ஆறு வயது ஆட்டின் மடிச் செல்கள் எடுக்கப்பட்டன. பிபிஎல் நிறுவனத்தில் உறைய வைத்திருந்தவை அவை. டாலி பிறக்கும்போது அந்த ஆடு உயிரோடு இல்லை. வில்மட் தன் வாழ்க்கையைத் தொடங்கிய உறைய வைக்கும் நுட்பம் இல்லாவிட்டால் இந்த இடத்தில் செல்லே கிடைத்திருக்காது.

2. கருமுகம் கொண்ட ஸ்காட்டிஷ் பிளாக்ஃபேஸ் ஆடுகளின் முட்டைகளிலிருந்து குரோமோசோம்கள் நீக்கப்பட்டன. பட்டினி போட்ட மடிச் செல்லை முட்டையோடு ஒட்டவைத்து மின்துடிப்பால் இரண்டையும் இணைத்தார்கள். அப்படி இணைந்தவை 277.

3. அவற்றைச் சில நாள் ஆட்டின் கருக்குழாயில் வளரவிட்டு எடுத்தபோது, அடுத்த கட்டத்துக்குத் தேறியவை 29.

4. அந்த 29-ஐயும் 13 ஆடுகளின் கருப்பைக்கு மாற்றினார்கள். பிறந்தது ஒன்று.

கருமுகத் தாயின் வயிற்றிலிருந்து வெள்ளை முகத்தோடு குட்டி வந்ததே முதல் சாட்சி, டிஎன்ஏ சோதனை பிறகு உறுதிப்படுத்தியது. ஆனாலும் அச்சு அசல் நகல் என்று சொல்ல முடியாது. உட்கருவுக்கு வெளியே, செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவிலும் கொஞ்சம் டிஎன்ஏ உண்டு, டாலியிடம் இருந்தது முட்டை கொடுத்த ஆட்டின் மைட்டோகாண்ட்ரியா. கருப்பையும் வேறு, வளர்ந்த சூழலும் வேறு.

277-க்கு ஒன்று என்பதைப் பெருமையாகச் சொல்பவர்களும் உண்டு, கேவலமாகச் சொல்பவர்களும் உண்டு. உண்மையில் அது உள்ளே நடக்கும் ஒரு வேலையின் கடினத்தைத்தான் காட்டுகிறது. மடிச் செல்லில் மடிக்குத் தேவையில்லாத மரபணுக்கள் எல்லாம் வேதிக் குறிகளால் மூடப்பட்டிருக்கும். முட்டை அந்தக் குறிகளைச் சில மணி நேரத்தில் அழித்துப் புதிதாக எழுத வேண்டும். பெரும்பாலும் அது அரைகுறையாகத்தான் நடக்கிறது. விளைவாகக் கருக்கள் பாதியில் கலைகின்றன, நஞ்சுக்கொடி ஒழுங்காக அமைவதில்லை, சில குட்டிகள் அளவுக்கு மீறிப் பெருத்துப் பிறந்து இறக்கின்றன. கர்னாலில் 2009 பிப்ரவரியில் பிறந்த குளோன் எருமைக் கன்று சில நாள்தான் உயிரோடு இருந்தது, அதே ஆண்டு ஜூனில் பிறந்த கரிமா பிழைத்தது.

டாலிக்குச் சீக்கிரம் வயதாகிவிட்டதா

1999-ல், வயது ஏற ஏறத் தேயும் குரோமோசோம் நுனிகள் டாலிக்கு அதன் வயதுக்கு இருக்க வேண்டியதைவிடக் குட்டையாக இருப்பதாக ஒரு கட்டுரை வந்தது. பிறகு மூட்டுவலி. 2003 பிப்ரவரி 14 அன்று ஆறரை வயதில் கருணைக்கொலை. மூன்றையும் கோத்து, குளோன் என்றால் பிறக்கும்போதே கிழடு என்ற முடிவுக்குப் பலர் வந்துவிட்டார்கள்.

ஆதாரம் அப்படிச் சொல்லவில்லை. டாலியைக் கருணைக்கொலை செய்யக் காரணம் ஒரு வைரஸ் உண்டாக்கும் நுரையீரல் புற்று, அதே கொட்டகையில் இருந்த மற்ற ஆடுகளுக்கும் வந்த தொற்று அது. டாலி இயற்கையாகவே சினையாகி ஆறு குட்டிகள் போட்டது. 2016-ல் நாட்டிங்ஹாமில் 13 குளோன் ஆடுகளை ஆராய்ந்தார்கள், அவற்றில் நான்கு டாலி வந்த அதே செல் வரிசையிலிருந்து வந்தவை. ஏழு முதல் ஒன்பது வயதான அவை பொதுவாக நலமாகவே இருந்தன. டாலியின் எலும்புகளை 2017-ல் மறுபடி படமெடுத்துப் பார்த்தபோதும் அதன் மூட்டுத் தேய்மானம் அந்த வயது ஆடுகளுக்கு அசாதாரணமில்லை என்று தெரிந்தது. ஆபத்து கருவிலும் பிறப்பிலும் அதிகம், அதைத் தாண்டி நலமாகப் பிறந்தவை சாதாரணமாக வாழக்கூடும்.

மனிதன் பற்றிய கேள்வி

வில்மட் இதில் தெளிவாக இருந்தார். 2001-ல் ருடால்ஃப் யேனிஷோடு சேர்ந்து, மனிதரைக் குளோன் செய்யாதீர்கள் என்று வெளிப்படையாக எழுதினார். காரணம் மேலே சொன்ன கலைப்புகளும் இறப்புகளும்தான். ஆனால் குழந்தை பிறப்பிப்பது வேறு, நோயாளியின் செல்லிலிருந்து ஆரம்பக் கருவை உருவாக்கி ஸ்டெம் செல் எடுத்து நோயை ஆராய்வது வேறு. இரண்டாவதற்கு 2005-ல் மனிதக் கரு ஆய்வை ஒழுங்குபடுத்தும் பிரிட்டனின் ஆணையத்திடம் அவர் உரிமம் வாங்கினார், செயல்நரம்புகள் அழியும் நோயை ஆராய்வதற்காக.

அந்த வழியையும் அவரே 2007-ல் விட்டுவிட்டார். 2006-ல் ஷின்யா யமனாக்கா ஜப்பானில் எலியின் தோல் செல்லுக்குள் நான்கே மரபணுக்களைச் செலுத்தி அதை ஸ்டெம் செல் போன்ற நிலைக்குத் திருப்பிவிட்டார், அடுத்த ஆண்டு மனிதச் செல்லிலும் செய்தார். முட்டை வேண்டாம், கரு வேண்டாம். வளர்ந்த செல்லைத் திருப்ப முடியும் என்று டாலி காட்டியிருக்காவிட்டால் அப்படி ஒரு முயற்சியில் இறங்கவே பலர் தயங்கியிருப்பார்கள். தன் முறையைவிட நல்ல முறை வந்ததும் அதற்கு இடம்விட்டு விலகிய விஞ்ஞானிகள் குறைவு, அதற்காகவே வில்மட்டை நான் மதிக்கிறேன்.

பெயர் யாருக்கு

டாலியை அறிவித்த 1997 கட்டுரையில் ஐந்து பெயர்கள்: வில்மட், ஷ்னீக்கே, மெக்வர், கைண்ட், கேம்பல். முட்டையிலிருந்து குரோமோசோம்களை எடுக்கும் நுண்வேலையைச் செய்த பில் ரிச்சியின் பெயர் ஆசிரியர் பட்டியலில் இல்லை. 2006-ல் எடின்பரோவில் ஒரு தொழில் தீர்ப்பாயத்தில் கேட்கப்பட்டபோது, டாலிக்கான பெருமையில் 66 சதவீதம் கேம்பலுக்கு உரியது என்று வில்மட் ஒப்புக்கொண்டார். 2008-ல் ஷா பரிசு வில்மட், கேம்பல், யமனாக்கா மூவருக்கும் சேர்ந்து கிடைத்தது. 2012-ல் நோபல் கர்டனுக்கும் யமனாக்காவுக்கும் போனது. அதே ஆண்டு அக்டோபரில் கேம்பல் இறந்தார். வில்மட் தனக்கு பார்க்கின்சன் நோய் இருப்பதை 2018-ல் அறிவித்தார், 2023 செப்டம்பர் 10 அன்று காலமானார்.

அந்தக் கேள்வி இப்போது எங்கே நிற்கிறது

பாலில் மருந்து எடுக்கும் கனவு பிபிஎல் நிறுவனத்தைக் காப்பாற்றவில்லை. 1997-ல் மனித ரத்த உறைவுக் காரணி 9-க்கான மரபணுவோடு பிறந்த பாலி என்ற குளோன் ஆடு, ரோஸ்லின் திட்டம் சாத்தியம் என்று காட்டியது, ஆனாலும் அந்த நிறுவனம் சில ஆண்டுகளில் மூடப்பட்டது. இப்போது கிரிஸ்பர் என்ற மரபணுத் திருத்தக் கருவி வந்துவிட்டதால் ஒற்றைச் செல் கருவிலேயே நேராகத் திருத்தம் செய்ய முடிகிறது. ஒரே ஒரு திருத்தம் வேண்டும் என்றால் குளோனிங் தேவையில்லை.

பல திருத்தங்கள் ஒரே விலங்கில் பிழையில்லாமல் வேண்டும் என்றால் கதை வேறு. செல்லில் செய்து, சோதித்து, பிறகு விலங்காக்கும் பழைய ரோஸ்லின் வழிதான் அங்கே கைகொடுக்கிறது. பிபிஎல்லின் அமெரிக்கக் கிளையிலிருந்து பிரிந்து வந்த ரெவிவிகார் நிறுவனம் பத்து மரபணு மாற்றங்களோடு பன்றிகளை உருவாக்கியது இப்படித்தான். மனித உடல் உடனே தாக்கும் சர்க்கரை மூலக்கூறுகளை உருவாக்கும் பன்றி மரபணுக்கள் நீக்கப்பட்டன, சில மனித மரபணுக்கள் சேர்க்கப்பட்டன. 2022 ஜனவரி 7 அன்று மேரிலாந்து பல்கலைக்கழக மருத்துவமனையில் அப்படி ஒரு பன்றியின் இதயத்தை ஒரு மனிதருக்குப் பொருத்தினார்கள். அவர் இரண்டு மாதம் வாழ்ந்தார். அடுத்து இதயங்களும் சிறுநீரகங்களும் இன்னும் சிலருக்குப் பொருத்தப்பட்டிருக்கின்றன.